செயற்கைப் புல் போடப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

எங்கள் வீட்டு முன்புறத்தில் 20 அடிக்கு 10 அடி இடம் இருக்கிறது. அதில் நான் இரண்டு தடவை செயற்கைப் புல் போட்டிருக்கிறேன். முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. வந்த இரண்டு பையன்கள் மண்வெட்டியால் மேல்மண்ணைச் சுரண்டிச் சமமாக்கினார்கள், புல்லை விரித்தார்கள், ஓரத்தில் ஆணி அடித்தார்கள், காசை வாங்கிக்கொண்டு போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் வண்டவாளம் தெரிந்தது. எங்கள் பக்கம் களிமண். தண்ணீர் கீழே இறங்கவில்லை. கால் வைத்தால் சளக் சளக்கென்று பக்கத்திலிருந்து பீறிட்டது. பத்து நாளில் நாற்றம். தை பிறந்தபோது தரை மேடும் பள்ளமுமாகிவிட்டது. நடுவில் கோரை முளைத்து, பிளாஸ்டிக் புல்லைவிட ஒரு சாண் உயரமாக நின்றது.

இரண்டாவது தடவை கூப்பிட்டது தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரை. சுருட்டி வைத்திருந்த புல்லை அவர் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி எந்தப் பக்கம் போவணும்னு சொல்லுங்க சார், புல்ல அப்புறம் பாக்கலாம்" என்றார். இந்த வேலையில் முக்கால்வாசி அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. விரிப்பதும் ஒட்டுவதும் ஒரு நாள் வேலை. அதற்குக் கீழே போடும் தரைதான் நான்கைந்து வருடம் கழித்தும் உங்களைக் காப்பாற்றும். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது தடவையில் செய்தது. கூட இரண்டு ஆள் இருந்தால் 200 சதுர அடிக்கு மூன்று நாள் வேலை, நடுவில் காத்திருக்கும் நாள்கள் தனி.

போடலாமா, வேண்டாமா

செயற்கைப் புல் எதற்காக வந்தது என்று தெரிந்தால் அதை எங்கே போடலாம் என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட விளையாட்டரங்கத்தைத் திறந்தார்கள். ஒளி ஊடுருவும் கூரை, உள்ளே நிஜப் புல். கூரை வழியாக வந்த வெளிச்சம் கண்ணைக் கூசியதால் மேலே பறக்கும் பேஸ்பால் பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. கூரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வெயில் இல்லாமல் புல் செத்துப்போனது. 1966-இல் அங்கே செயற்கைப் புல்லை விரித்தார்கள். கெம்கிராஸ் என்று இருந்த அதன் பெயர் அந்த அரங்கத்தின் பெயரைத் தழுவி ஆஸ்ட்ரோடர்ஃப் ஆனது. ஆக, புல் வளராத இடத்துக்காக வந்த பொருள் இது. வீட்டிலும் அதற்குச் சரியான இடம் அதுதான்: மதில் நிழலில் எப்போதும் மண்ணாகக் கிடக்கும் பக்கவாட்டுச் சந்து, மாடி வீட்டு நிழல் விழும் முன்புறம், பிள்ளைகள் ஓடி ஓடிப் புல்லே நிற்காத இடம்.

நாள் முழுக்க வெயில் அடிக்கும் இடமாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். நிஜப் புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. சித்திரை, வைகாசி மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெறுங்காலோடு நிற்க முடியாது. தண்ணீர் தெளித்தால் குளிரும், ஆனால் அந்தக் குளிர்ச்சி அரை மணி நேரம்கூடத் தாங்காது. தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் இதைப் போடுகிறோம் என்றால், தினமும் ஹோஸ் பிடித்து நிற்பதில் அர்த்தமில்லை. மேற்குப் பார்த்த திறந்த முற்றம் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே ஒரு புங்க மரம் வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். எதிரில் பளபளக்கும் கண்ணாடி ஜன்னல் இருந்து, அதில் பட்ட வெயில் திரும்பித் தரையில் விழுகிறதா? அந்தக் குவிந்த சூட்டில் இழைகள் உருகிச் சுருண்டுவிடும். அடுத்தது மரம். முருங்கை மரத்தடியில் செயற்கைப் புல் போட்டால் துடைப்பத்தோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். அந்தப் பொடி இலை இழைக்குள் போய் உட்கார்ந்தால் சுலபத்தில் வராது. மா, கொய்யா மாதிரி பெரிய இலை பரவாயில்லை. எந்த மரமாக இருந்தாலும் அடிமரத்தைச் சுற்றி இரண்டடி வட்டத்தைத் திறந்தே விடுங்கள். வேருக்கும் காற்று வேண்டும்.

வாசல்படிக்கு நேர் எதிரே கோலம் போடும் இடத்தையும் விட்டுவிடுங்கள். நான் முதல் தடவை அதை மறந்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அளவெடுப்பது

இங்கே கடைகளில் அதிகம் கிடைப்பது 2 மீட்டர் அகல ரோல். 2 மீட்டர் என்றால் 6 அடி 6¾ அங்குலம். இதை எந்தத் திசையில் விரிப்பது என்று பேப்பரில் வரைந்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். எங்கள் 20×10 இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் விரித்தால் 20 அடித் துண்டு இரண்டு வேண்டும். மொத்தம் 40 அடி ரோல் வாங்கி, மூன்றடி அகலத்தை வெட்டித் தூர எறிய வேண்டியிருக்கும். குறுக்கே விரித்தால் 10 அடித் துண்டு மூன்று, 30 அடி ரோல் போதும். ஆனால் மூன்று துண்டின் அகலத்தைக் கூட்டினால் 19 அடி 8 அங்குலம்தான் வரும். அதிலும் இணைப்பில் ஓரம் நறுக்கும்போது இன்னும் ஓர் அங்குலம் போகும். மீதி ஐந்தங்குலத்துக்கு என்ன செய்வது? ஒரு பக்கம் மதிலோரமாக ஆறங்குலத்துக்குக் கூழாங்கல் கொட்டினேன். பத்தடி ரோல் மிச்சம், பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

ஒரே விஷயம்: எல்லாத் துண்டின் இழையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கையால் தடவினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும், பூனை முதுகைத் தடவுகிற மாதிரி. ஒரு துண்டைத் திருப்பிப் போட்டால் நிறமே வேறு மாதிரி தெரியும், பிறகு சரி செய்ய முடியாது. நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து பார்க்கும் பக்கம், அதாவது வீட்டை நோக்கி, இழை சாய்ந்திருந்தால் புல் அடர்த்தியாகத் தெரியும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அடித்துணி பல்லிளிக்கும்.

கடையில் என்ன பார்ப்பது

கடைக்காரர் முதலில் சொல்வது உயரம்: 25 மி.மீ., 35 மி.மீ., 40 மி.மீ. என்று. உயரம் கூடக்கூட உசத்தி என்று நினைக்க வேண்டாம். உயரமான இழை சீக்கிரம் படுத்துவிடும். பிள்ளைகள் ஓடும் இடத்துக்கு 25 முதல் 35 போதும். அதைவிட முக்கியமானது நெருக்கம். கையில் துண்டை வாங்கிப் பின்பக்கமாக மடக்குங்கள். மடிப்பில் கறுப்புத் துணி அப்பட்டமாகத் தெரிந்தால் தையல் நெருக்கமாக இல்லை. ஒரு குச்சத்தை இரண்டு விரலால் பிடித்து நன்றாக இழுங்கள். கையோடு வந்தால் அந்த ரோலைத் தொடாதீர்கள்.

சீட்டில் டிடெக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 10,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். எண் கூடினால் இழை தடிமன். நிமிர்ந்து நிற்கும் பச்சை இழை பாலிஎத்திலீனாக இருக்கட்டும், மெத்தென்று இருக்கும். அடியில் சுருள் சுருளாகப் பழுப்பு நிறத்தில் இருப்பது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அது இருப்பது நல்லது. காய்ந்த புல் கலந்த மாதிரி இயல்பாகத் தெரியும், நிமிர்ந்த இழைக்கும் முட்டுக்கொடுக்கும். முழுக்க ஒரே கிளிப்பச்சையாக இருப்பது கல்யாண மண்டப மேடைக்குச் சரி.

பின்பக்கத்தில் வரிசையாக ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றிப் பார்க்கலாம், தப்பில்லை. வெயிலில் நிறம் மங்காது என்பதற்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதை வாயால் கேட்காமல் பில்லில் எழுதி வாங்குங்கள். நல்ல ரகம் நம் வெயிலில் எட்டு, பத்து வருடம் தாக்குப்பிடிக்கும். விலை கேட்கும்போது புல்லுக்குத் தனியாக, தரை வேலைக்குத் தனியாக, பசை, டேப், மணலுக்குத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். "எல்லாம் சேர்த்து" என்று ஒரே விலையில் சொல்லும்போது பெரும்பாலும் காணாமல் போவது ஜல்லிதான்.

மண்வெட்டி எடுக்கும் முன்

தரைக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி, சாக்கடைச் சேம்பர், தண்ணீர்க் குழாய், மோட்டார் வயர். இவற்றின் மேல் புல்லை ஒட்டி மறைத்துவிட்டு, அடைப்பு வந்த அன்று கத்தியால் கிழித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மூடி வரும் இடத்தில் அதே அளவுக்குத் தனித் துண்டு வெட்டி, ஒட்டாமல் மேலே வைத்துவிட்டால் போதும்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் மூடக்கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு அது கட்டாயம். தவிர அது உங்கள் கிணற்றுக்கான தண்ணீர். நான் செய்தது, புல்லுக்கு அடியில் இறங்கும் தண்ணீரை அந்தத் தொட்டிக்கே திருப்பிவிட்டது. எப்படி என்று வருகிறேன்.

எந்த மாதத்தில் செய்வது? வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை, மாசி. மண் வெட்ட வரும், பசை காயும், வெயிலும் மண்டையைப் பிளக்காது. புரட்டாசி கடைசியில் ஆரம்பித்தால் பாதியில் நிற்கும்.

தோண்டுவது, கோரையை ஒழிப்பது, வாட்டம் விடுவது

எவ்வளவு ஆழம்? கணக்கு இப்படி: ஜல்லி 3 அங்குலம், அதன் மேல் டஸ்ட் (கிரஷரில் கல் உடைக்கும்போது விழும் தூள்) 1 அங்குலம், டஸ்ட்டின் மட்டம் சுற்றி நடும் ஓரக்கல்லின் தலையிலிருந்து 1 அங்குலம் கீழே. அப்போதுதான் 35 மி.மீ. புல் ஓரக்கல்லுக்குக் கொஞ்சம் மேலே நிமிர்ந்து நிற்கும். ஆக ஓரக்கல் தலையிலிருந்து மொத்தம் 5 அங்குலம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் 200 சதுர அடியில் ஐந்தங்குலம் என்றால் சுமார் 83 கன அடி. வெட்டிப் போட்ட மண் உப்பிக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு யூனிட் (100 கன அடி) ஆகிவிடும், எடை 4 டன் பக்கம் வரும். அதைக் குட்டி யானையில் ஐந்தாறு நடை ஏற்ற வேண்டும். எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். மேல்மண்ணைத் தொட்டிச் செடிக்கும் பின்பக்கத்துக்கும் வைத்துக்கொண்டால் நடை குறையும்.

தோண்டும்போது கோரைக் கிழங்கைத் தேடிப் பொறுக்குங்கள். அருகம்புல் வேரையும் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் உண்மையான எதிரி கோரைதான். அதன் முளை ஊசி மாதிரி கூர்மையானது, பிளாஸ்டிக் ஷீட்டையே துளைத்துக்கொண்டு வரும். மேலே இலையைக் கிள்ளினால் கீழே கிழங்கு சிரித்துக்கொண்டிருக்கும். தோண்டிய பள்ளத்தை நனைத்து இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டால், மிச்சம் இருக்கும் கிழங்கெல்லாம் முளை காட்டும். அப்போது குத்துக்கம்பியால் கிழங்கோடு எடுத்துவிடலாம். அவசரப்பட்டு இந்த இரண்டு வாரத்தை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வாட்டம். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இறங்கினால் போதும், கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும், எக்காரணம் கொண்டும் சுவரை நோக்கி வேண்டாம். நான்கு மூலையிலும் முளையடித்து, டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துக் குறித்து, தாழ வேண்டிய பக்கத்தில் குறியை இரண்டங்குலம் கீழே இறக்கி நூல் கட்டுங்கள். இந்த வாட்டத்தைப் பள்ளத்தின் அடி மண்ணிலேயே கொண்டுவர வேண்டும். மேலே டஸ்ட்டில் சரி செய்துகொள்ளலாம் என்று விட்டால், ஜல்லிக்குள் இறங்கிய தண்ணீர் அடிக் களிமண்ணின் மேல் குட்டையாக நிற்கும். முதல் தடவை எனக்கு வந்த நாற்றம் அந்தக் குட்டையின் நாற்றம்தான்.

மணற்பாங்கான ஊராக இருந்தால் தண்ணீர் தானே இறங்கிவிடும். களிமண் என்றால் இன்னொரு வேலை உண்டு. தாழ்ந்த ஓரம் முழுக்க ஒரு சின்னக் கால்வாய் தோண்டி, ஓட்டை போட்ட 3 அங்குலப் பிவிசி பைப்பைத் துணி சுற்றிப் படுக்கவைத்து, அதன் மறுமுனையை மழைநீர்த் தொட்டியில் விட்டேன். இதற்கான செலவு, முதல் தடவை வீணாய்ப்போன புல்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஓரக்கல், ஜல்லி, திமிசு

ஓரம் கட்டாமல் போட்ட தரை வருடத்துக்கு வருடம் பக்கவாட்டில் பிதுங்கும். செங்கல்லைச் செங்குத்தாக நட்டுச் சிமெண்ட் கலவை வைக்கலாம், கிரானைட் பட்டை வைக்கலாம், பேவர் பிளாக் கடையில் கிடைக்கும் கெர்ப் கல்லும் வைக்கலாம். தாழ்ந்த பக்க ஓரத்தில் மட்டும் நாலடிக்கு ஒன்றாகத் தண்ணீர் வெளியேற இடைவெளி விடச் சொல்லுங்கள். கொத்தனார்கள் பழக்கத்தில் அடைத்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். கலவை இரண்டு நாள் நனைந்து இறுகட்டும்.

பள்ளத்தின் அடியைத் திமிசால் இடித்து இறுக்கிய பிறகு, ஜியோ துணி என்று கடையில் சொல்லும் நெய்யாத துணியை விரியுங்கள். ஒரு துண்டின் மேல் அடுத்தது ஓரடி ஏறட்டும். பலர் இதைக் களை வராமலிருக்கப் போடுவதாக நினைக்கிறார்கள். அதுவும் ஓரளவு நடக்கும். ஆனால் அதன் பெரிய வேலை, களிமண் மேலே ஏறி ஜல்லியின் சந்தை அடைக்காமல் தடுப்பது. தார்ப்பாய், பிளாஸ்டிக் ஷீட் எதையும் இதற்குப் பதிலாக விரிக்காதீர்கள். தண்ணீர் இறங்காது.

ஜல்லியில் முதல் இரண்டு அங்குலம் முக்கால் ஜல்லி (முக்கால் அங்குலக் கல்), அதன் மேல் ஓர் அங்குலம் அரை ஜல்லி (அரை அங்குலக் கல்). முக்கால் ஜல்லி மேல் நேராக டஸ்ட்டைக் கொட்டினால் அது சந்து வழியாகக் கீழே போய்விடும், நாலு மாதத்தில் மேலே குழி விழும். 200 சதுர அடிக்கு மூன்று அங்குலம் என்றால் 50 கன அடி. இடித்தால் அமுங்கும், அதனால் 60 கன அடியாகச் சொல்லுங்கள். டஸ்ட் 20 கன அடி போதும். நைஸான பவுடராக வேண்டாம், 6 மி.மீ. வரை துகள் கலந்த கிரஷர் டஸ்ட்டாகக் கேளுங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்டைப் போடவே போடாதீர்கள், காலுக்கடியில் நழுவும்.

ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். அதிர்ந்து அதிர்ந்து தரையை இறுக்கும் பிளேட் காம்பாக்டர் இயந்திரம் அரை நாள் வாடகைக்குக் கிடைக்கும். கைத்திமிசிலும் முடியும், ஆனால் 200 சதுர அடிக்கு மேல் தோள் விட்டுப்போகும். டஸ்ட்டின் மேல் பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளித்து இடித்தால் நன்றாகச் சேரும். கடைசியில் அதன் மேல் நடந்து பாருங்கள். குதிகால் அச்சு விழுந்தால் இன்னும் ஒரு சுற்று இடியுங்கள். நீளமான அலுமினிய மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். அடியில் விரல் நுழையும் இடமெல்லாம் புல்லுக்கு மேலேயும் தெரியும். புல் எதையும் மறைக்காது, ஒரு கூழாங்கல்லைக்கூட.

விரிப்பது, வெட்டுவது, இணைப்பது

காலையில் ரோலைப் பிரித்து வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விரித்துப் போடுங்கள். சுருட்டியிருந்த மடிப்பெல்லாம் தளரும். ஆனால் உச்சி வெயிலில் அளவெடுத்து வெட்டாதீர்கள். பிளாஸ்டிக் சூட்டில் நீளும், ராத்திரி சுருங்கும். மதியம் கச்சிதமாக வெட்டியது காலையில் ஓரத்தில் இடைவெளி விட்டு நிற்கும். வெட்டுவதையும் ஒட்டுவதையும் மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் பின்பக்கத்திலிருந்தே வெட்ட வேண்டும். இரண்டு தையல் வரிசைக்கு நடுவே கத்தியை விட்டால் இழை அறுபடாது. கட்டர் கத்தியின் பிளேடைத் தாராளமாக மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு துணியை இழுத்துப் பிய்த்துவிடும். சுவரோரம், தூண் ஓரம் எல்லாம் முதலில் இரண்டங்குலம் கூட விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டு வாருங்கள்.

இணைப்புதான் கை நடுங்கும் இடம். ரோலின் இரண்டு ஓரத்திலும் இழை இல்லாத வெற்றுத் துணி இருக்கும். அதையும் கூடவே ஒன்றிரண்டு தையல் வரிசையையும் நறுக்கிவிடுங்கள். இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள சந்து, புல்லின் இரண்டு தையல் வரிசைக்கு நடுவே உள்ள இடைவெளி அளவுக்கே இருக்க வேண்டும். நெருங்கினால் இழை மேடு தட்டும், விலகினால் கோடு தெரியும். சந்து சரியாக வந்ததும் இரண்டு ஓரத்தையும் புத்தகம் திறப்பதுபோல ஓரடி பின்னால் மடக்கி, நடுவே இணைப்பு டேப்பை நீளமாக விரித்து, பல்லுள்ள கரண்டியால் பசையைத் தடவுங்கள். இரண்டு டப்பா கலந்து செய்யும் பாலியுரேத்தேன் பசை நல்லது. கலந்தபின் நம் சூட்டில் சீக்கிரம் இறுகும் என்பதால், ஒரு இணைப்புக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். பிறகு ஓரங்களை மெல்ல இறக்குங்கள். ஓர் இழைகூடப் பசையில் மாட்டக்கூடாது. பக்கத்தில் ஒருவர் குச்சியால் இழைகளை ஒதுக்கிக்கொண்டே வந்தால் சுலபம். மேலே பலகை வைத்துச் செங்கல்லை அடுக்கி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

பசைக்குப் பதிலாக இணைப்பில் ஆணி அடிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு மழைக்காலம் போனால் இணைப்பு வாய் திறக்கும்.

ஆணி வேண்டியது சுற்று ஓரத்துக்கு. துருப்பிடிக்காத, துத்தநாகம் பூசிய ஐந்தங்குல ஆணி, முக்கால் அடிக்கு ஒன்று. இழையை விலக்கி அடித்து, தலை துணியோடு அமுங்கியதும் நிறுத்துங்கள். இன்னும் அடித்தால் அந்த இடம் குழியும். சிமெண்ட் ஓரத்தில் ஆணி இறங்காது, அங்கே பசைதான்.

மணல் தூவுவது

இத்தனைக்கும் பிறகு "மணல் எதுக்கு சார், மண்ணாப் போயிடும்" என்று சொல்லிக் கழற்றிக்கொள்ளும் ஆட்கள் உண்டு. விடாதீர்கள். மணல்தான் புல்லைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும், சூட்டில் சுருக்கம் விழாமல் தடுக்கும், இழைக்கு அடியில் முட்டுக்கொடுக்கும். கழுவிக் காயவைத்த சிலிக்கா மணல், சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோ. 200 சதுர அடிக்கு இரண்டு மூட்டை, அதாவது 100 கிலோ. ஆற்று மணலில் தூசியும் வண்டலும் இருக்கும், வேண்டாம். விளையாட்டுத் திடல்களில் போடும் கறுப்பு ரப்பர் துகளும் வீட்டுக்குத் தேவையில்லை. சூடு இன்னும் கூடும், துகள் வீட்டுக்குள் வரும். அந்த மாதிரி பிளாஸ்டிக், ரப்பர் துகள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த விதியின்படி 2031-க்குப் பிறகு திடல்களுக்கு விற்கவே முடியாது.

புல்லும் மணலும் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில், கோழிக்குத் தானியம் இறைப்பதுபோல இரண்டு மூன்று தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் விறைப்பான துடைப்பத்தால் இழை சாய்ந்த திசைக்கு எதிராகப் பெருக்குங்கள். மணல் கீழே போகும், இழை நிமிரும்.

மொட்டை மாடி, பால்கனி, டைல்ஸ் தரை என்றால் தோண்டுவது எதுவும் இல்லை. ஆனால் தண்ணீர் போகும் ஓட்டையை மறைக்காமல், அடியில் தண்ணீர் ஓடும்படி மேடு மேடாக இருக்கும் வடிகால் பாயை விரித்து அதன் மேல் போடுங்கள். நேராக ஒட்டினால் அடியில் பாசி பிடிக்கும், தளம் ஒழுகினாலும் தெரியாது.

போட்ட பிறகு

முதல் பெரிய மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்று பாருங்கள். பைப் முனையில் தண்ணீர் வருகிறதா, எங்காவது தேங்குகிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும். தேங்கும் இடத்தில் ஆணியைப் பிடுங்கி, அந்த மூலையை மட்டும் தூக்கி, டஸ்ட் சேர்த்து இறுக்கலாம். அதனால்தான் ஓரத்தை முழுக்கப் பசையால் ஒட்ட வேண்டாம் என்று சொல்கிறேன்.

வாரத்துக்கு ஒரு தடவை எதிர்த்திசையில் பெருக்கினால் போதும். நாய் வளர்க்கிறவர்கள் தினமும் தண்ணீர் விட்டு அலசத்தான் வேண்டும். மண்ணும் புல்லும் செரித்துவிடும் சிறுநீரை பிளாஸ்டிக் செரிக்காது. மணலோடு நெடியை உறிஞ்சும் ஜியோலைட் என்ற கனிமத் துகளைக் கலந்தால் நெடி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எறும்பு அடியில் புற்று வைத்தால் டஸ்ட்டை மேலே தள்ளும், ஆரம்பத்திலேயே கவனியுங்கள்.

நெருப்புதான் இதற்கு ஜென்மப் பகை. பாலிஎத்திலீன் 120 டிகிரி அளவிலேயே உருகிவிடும். கம்பி மத்தாப்பின் ஒரு பொறி போதும். தீபாவளிக்குப் புஸ்வாணமும் சங்குசக்கரமும் தெருவிலேயே நடக்கட்டும். கார்த்திகை அகலும் ஓரக்கல்லின் மேல்தான், புல்லில் வேண்டாம்.

எங்கள் வீட்டில் இவ்வளவு சொல்லியும் ஒரு தீபாவளிக்கு உள்ளங்கை அகலம் கருகியது. வெட்டி மிஞ்சிய துண்டைப் பத்திரமாக மாடிப்படிக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தேன். எடுத்து வைத்துப் பார்த்தால், மூன்று வருட வெயிலில் மங்கிய புல்லின் நடுவே அது புதுச் சட்டை போட்டதுபோலத் தனியாகத் தெரிந்தது. அப்புறம் கொத்தனார்தான் வழி சொன்னார். பூந்தொட்டிக்குப் பின்னால் யாரும் பார்க்காத மூலையிலிருந்து, அதே அளவுக்கு மங்கிய துண்டை வெட்டி எடுத்து நடுவில் ஒட்டினோம். புதுத் துண்டு இப்போது தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது.